குரலுக்குச் சொந்தக்காரர் யார்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு தூர தேசத்து விஷயம். தென்கடலில், ஆஸ்திரேலியாவுக்கும் கிழக்கே, நியூசிலாந்து என்றொரு நாடு இருக்கிறது. வெள்ளையர்கள் அங்கே கால் வைப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வாழ்ந்துவரும் ஜனங்கள் மாவோரிகள். அவர்களுடைய தாய்மொழி சாகக் கிடந்தது. அந்த மொழியை அவர்கள் எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் யந்திரத்தையும் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். யந்திரம் வந்ததும் கூடவே ஒரு பெரிய கேள்வியும் வந்தது. அந்தக் கேள்வி நமக்கும் உரியது. அதனால்தான் இந்தக் கதையை உங்கள் முன்னால் வைக்கிறோம்.

கதையை ஒரு மணியிலிருந்து தொடங்குவோம். அது கோயில் மணியல்ல. ஒரு கப்பலின் மணி. அதுவும் தமிழ் மணி!

உருளைக்கிழங்கு வெந்த தமிழ் மணி

1836-ஆம் ஆண்டை ஒட்டி, நியூசிலாந்தின் வடபகுதியில் வாங்காரெய் என்னும் இடத்தின் பக்கம், வில்லியம் கோலென்சோ என்ற ஆங்கிலேயர் ஒரு மாவோரி கிராமத்துக்குப் போனார். பாதிரிமார் சங்கத்துக்கு அச்சு வேலை செய்ய வந்தவர் அவர். அந்தக் கிராமத்துப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமல்ல. உடைந்துபோன ஒரு மணியின் மேற்பாகம். அதைச் சுற்றிலும் ஏதோ எழுத்துக்கள். ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார் கோலென்சோ.

அந்த எழுத்து தமிழ் எழுத்து. முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். எந்தக் கப்பல் அது, எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்றுவரை விளங்காத புதிர். மணி இப்போது வெலிங்டன் நகரத்து மியூசியத்தில் இருக்கிறது.

அந்தப் பெண்கள் செய்ததில் குற்றமில்லை. அவர்களுக்குச் சட்டி வேண்டியிருந்தது, சட்டியாக்கிக் கொண்டார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. எழுத்து வெண்கலத்தில் வார்க்கப்பட்டிருந்தது. ஓர் எழுத்துகூட அழியவில்லை. ஆனால் அதைப் படித்துச் சொல்ல அந்த ஊரில் ஒரு வாய் இல்லை. வாய் இல்லாத இடத்தில், எழுத்து எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மணி சட்டியாகிவிடுகிறது. மொழி வாழ்வது வெண்கலத்தில் அல்ல, காகிதத்தில் அல்ல, கம்ப்யூட்டரிலும் அல்ல, மனிதர்களின் வாயில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இரண்டு அச்சு யந்திரங்கள்

மாவோரிகளுக்கு ஆதியில் எழுத்து கிடையாது. வம்சாவளி, நிலத்தின் எல்லை, கடல்வழி, மருந்து மூலிகை எல்லாம் வாய்வழியாகவே தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தன. பாதிரிமார் வந்து ரோமன் எழுத்தில் அந்த மொழியை எழுதினார்கள். அதே கோலென்சோ 1835-இல் அச்சு யந்திரத்தை ஓட்டத் தொடங்கி, 1837-இல் புதிய ஏற்பாட்டை மாவோரி மொழியில் அச்சடித்தார். மாவோரிகள் படிப்பதை அவ்வளவு ஆவலோடு கற்றுக்கொண்டார்கள்.

1840-இல் வைத்தாங்கி என்ற இடத்தில் பிரிட்டிஷ் ராணியின் பெயரால் மாவோரி தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். உங்கள் நிலம், உங்கள் செல்வம் உங்களுக்கே என்று அதிலே எழுதினார்கள். எழுதின மை காய்வதற்குள் குடியேறிகளின் கண் நிலத்தின்மேல் விழுந்தது. இந்தக் கதை நமக்குப் புதிதல்ல!

1859-இல் நோவாரா என்ற ஆஸ்திரியக் கப்பலில் இரண்டு மாவோரிகள் வியன்னா நகரத்துக்குப் போனார்கள். வீரெமு தோய்தோய், தே ஹேமாரா ரேரெஹவு என்பது அவர்கள் பெயர். அரண்மனையைப் பார்த்து வாய் பிளந்து நிற்கவில்லை. சர்க்கார் அச்சகத்தில் சேர்ந்து அச்சுத் தொழில் படித்தார்கள். புறப்படும்போது அந்த ராஜ குடும்பத்திடமிருந்து பரிசாக ஓர் அச்சு யந்திரமே பெற்று வந்தார்கள்! அந்த யந்திரத்தில் 1862-இல் "தே ஹோக்கியோய்" என்ற மாவோரி பத்திரிகை வெளிவந்தது. ஹோக்கியோய் என்பது அவர்கள் கதைகளில் வரும் பெரும் பறவை. நிலத்தை விற்காதே, நமக்கென்று ஓர் அரசன் உண்டு, ஒன்றுபடு என்று அந்தப் பறவை கூவிற்று.

துரைத்தனத்தார் சும்மா இருப்பார்களா? 1863-இல் அவர்களும் ஓர் அச்சு யந்திரத்தைக் கொண்டுவந்து, அதே மாவோரி மொழியில் எதிர்ப் பத்திரிகை போட்டார்கள். அதற்கும் பறவைப் பெயர்தான். ரேவி மானியாபோட்டோவின் ஆட்கள் புகுந்து அந்த யந்திரத்தைத் தூக்கிப் போய்விட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் பட்டாளம் வைக்காட்டோ பகுதிக்குள் நுழைந்தது. போருக்குப் பிறகு அங்கே மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலம் பறிமுதலாயிற்று.

பாருங்கள் தோழர்களே! இரண்டும் அச்சு யந்திரம். இரண்டும் ஒரே மொழியில் அச்சடித்தன. எழுத்துருவில் வித்தியாசமில்லை. மையில் வித்தியாசமில்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: யந்திரம் யார் கையில் இருந்தது என்பதுதான்.

நாக்கை அறுத்தது எப்படி?

நிலம் போன பிறகு மொழி போயிற்று. ஒரே நாளில் போகவில்லை. 1867-இல் மாவோரி குழந்தைகளுக்காகப் பள்ளிக்கூடச் சட்டம் வந்தது. போதனை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது நோக்கம். பள்ளிக்கூட எல்லைக்குள் தாய்மொழி பேசின குழந்தைகளுக்கு அடி விழுந்தது.

ஜேம்ஸ் ஹெனாரே என்று ஒரு பெரியவர். இரண்டாம் உலகப் போரில் மாவோரி பட்டாளத்துக்குத் தளபதியாக இருந்தவர். 1985-இல் விசாரணை மன்றத்தின் முன்னால் சாட்சி சொன்னார். சிறுவனாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் மாவோரி பேசியதற்காக, காட்டுக்குள் போய்க் கொடியை நீயே வெட்டி வா என்று அனுப்புவார்களாம். வெட்டிக்கொண்டு வந்த கொடியாலேயே அடி! சோறு தின்ன வேண்டுமானால் ஆங்கிலம் பேசு என்பது அவருக்குச் சொல்லப்பட்ட உபதேசம்.

அடிபட்ட குழந்தை வளர்ந்து தகப்பனாகும்போது என்ன செய்யும்? "நான் பட்டது போதும், என் பிள்ளையாவது அடிபடாமல் இருக்கட்டும்" என்று பிள்ளையிடம் ஆங்கிலத்திலேயே பேசும். அடித்த வாத்தியார் செத்துப் போயிருப்பார். ஆனால் அவர் அடித்த அடி வீட்டுக்குள் புகுந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டது.

பள்ளிக்கூடம் பாதி வேலையைச் செய்தது. மீதி வேலையைச் செய்தது பிழைப்பு. நிலம் போன ஜனங்கள் பட்டணத்துக்குப் போனார்கள். தொழிற்சாலையில், துறைமுகத்தில், இறைச்சிக் கொட்டடியில், ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1945-இல் மாவோரிகளில் நூற்றுக்கு 26 பேர் பட்டணத்தில் இருந்தார்கள். 1986-இல் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பேர். பட்டணத்தில் சர்க்கார் வீடு கொடுத்தபோது, மாவோரி குடும்பங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து குடியிருக்க விடவில்லை. வெள்ளையர் வீடுகளுக்கு நடுவே ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று தெளித்து வைத்தார்கள். கிராமத்தை விட்டு ஆலைக்கு வந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? லயன் வீடுகளில் நாலு குடும்பம் சேர்ந்திருந்ததால்தானே நம் ஊர்ப் பேச்சும், நம் பாட்டும் பிழைத்தன! தனித்தனியாகப் பிரித்துவைத்தால் யாரோடு பேசுவது?

கணக்கைக் கேளுங்கள். 1913-இல் மாவோரி பள்ளிக் குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேர் தாய்மொழி பேசினார்கள். 1953-இல் 26 பேர். 1975-இல் 5 பேருக்கும் குறைவு. அறுபது வருஷம். இரண்டு தலைமுறை. பாட்டி பேசுவது பேரனுக்குப் புரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு தேசத்து ஜனங்களாக ஆனார்கள்.

எழுந்து நின்றவர்கள்

இதைப் பொறுக்க முடியாமல் முதலில் எழுந்தவர்கள் இளைஞர்கள். மொழி தெரியாத இளைஞர்கள்! "எங்களுக்குச் சேர வேண்டிய ஆஸ்தியை எங்களுக்குக் கொடுக்காமல் செய்துவிட்டீர்கள்" என்று கேட்டார்கள். 1972 செப்டம்பர் 14-ஆம் தேதி, 30,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனுவைப் பாராளுமன்றத்தில் கொடுத்தார்கள். பள்ளிகளில் மாவோரி மொழி கற்றுக்கொடு என்பது கோரிக்கை. 1975-இல் கிட்டத்தட்ட எண்பது வயதான வினா கூப்பர் என்ற அம்மாள் தலைமையில், வடகோடியிலிருந்து தலைநகரம் வரை, நிலத்துக்காக ஒரு மாதம் நடந்தார்கள். மொழிக்கான போராட்டமும் நிலத்துக்கான போராட்டமும் அண்ணன் தம்பிகளாகவே வளர்ந்தன.

சர்க்கார் கொடுக்கும் வரை காத்திருக்கவில்லை. 1982-இல் வெலிங்டன் அருகே வைனுயோமாட்டாவில் "கோஹங்கா ரேயோ" என்ற முதல் பாலர் பள்ளி திறந்தது. மொழிக்கூடு என்று பொருள். பறவைக் கூடு போல. அங்கே வாத்தியார் யார்? பட்டம் பெற்றவர்களல்ல. பாட்டிமார்களும் தாத்தாமார்களும்தான். கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை, காலை முதல் மாலை வரை, மாவோரியைத் தவிர வேறு பேச்சில்லை. நடுவில் விட்டுப்போன தலைமுறையைத் தாண்டி, பாட்டியின் வாயிலிருந்து நேராகப் பேரக் குழந்தையின் காதுக்கு மொழியைக் கொண்டுபோன வழி இது. சில ஆண்டுகளுக்குள் இப்படிப்பட்ட கூடுகள் நூற்றுக்கணக்கில் கிளம்பின. கூட்டிலிருந்து வந்த குழந்தைகளுக்காக 1985-இல் மாவோரி மொழிப் பள்ளியும் ஆரம்பமாயிற்று.

அதே 1985-இல் விசாரணை மன்றத்தில் வழக்கு வைத்தார்கள். ஒப்பந்தத்தில் எங்கள் செல்வத்தைக் காப்போம் என்று எழுதினீர்களே, எங்கள் மொழியைவிடப் பெரிய செல்வம் ஏது என்பது வாதம். மன்றம் 1986-இல் ஒப்புக்கொண்டது. 1987-இல் மாவோரி மொழி சட்டப்படி ஆட்சிமொழியாயிற்று. அதே காலத்தில் மாவோரிகளின் சொந்த ரேடியோ நிலையங்களும் பேச ஆரம்பித்தன. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன.

வடகோடி ரேடியோ நிலையம்

இனி நாம் யந்திரத்துக்கு வருவோம். அந்த நாட்டின் வடகோடியில் கைத்தாயா என்றொரு சிறு ஊர். அங்கே ஐந்து குலத்தார் சேர்ந்து நடத்தும் ஒரு ரேடியோ நிலையம். தே ஹிக்கு என்று பெயர். முப்பது வருஷத்துக்கும் மேலாக ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் பேசவைத்து, பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். மீன்பிடிக் கதை, நிலத்தின் பெயர்க் காரணம், இழவு வீட்டுப் பேச்சு, வேடிக்கைப் பேச்சு என்று ஆயிரக்கணக்கான மணி நேரம். ஆங்கிலம் கலக்காத பழைய மாவோரி. பேசினவர்களில் பலர் இன்று இல்லை. குரல் மட்டும் இருக்கிறது.

பெட்டிக்குள் குரல் இருந்து என்ன பயன்? நம் தமிழ் மணியை நினைத்துக் கொள்ளுங்கள்! நண்டு பிடிப்பது பற்றி ஒரு தாத்தா பேசியிருக்கிறார் என்றால், அது எந்தப் பதிவில், எத்தனையாவது நிமிஷத்தில் என்று கண்டுபிடிப்பது எப்படி? யாராவது உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுதப் பல மணி நேரம் பிடிக்கும். நன்றாக மொழி தெரிந்தவர்களோ சிலர். அவர்கள் எழுதிக்கொண்டே இருந்தால் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது யார்?

அதனால் அவர்கள் யோசித்தார்கள். பேச்சைக் கேட்டு எழுதும் யந்திரம் ஆங்கிலத்துக்கு இருக்கிறதே, நம் மொழிக்கும் செய்தால் என்ன?

யந்திரம் எப்படிக் கற்கிறது?

இது ஏதோ மாயம் என்று நினைக்காதீர்கள். ஆலையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அறுந்த இழையைப் பிணைக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? புத்தகம் கொடுத்தா? பக்கத்தில் நிறுத்தி நூறு தடவை செய்து காட்டுகிறோம், அவனும் செய்கிறான், தவறினால் திருத்துகிறோம். களையெடுக்கப் போகும் சிறுமிக்கு நெற்பயிர் எது, குதிரைவாலிக் களை எது என்று எப்படித் தெரிகிறது? இரண்டும் ஒரே பச்சை, ஒரே உயரம். இது பயிர், இது களை என்று அம்மா ஆயிரம் தடவை காட்டியிருக்கிறாள், கை பழகிவிட்டது.

கம்ப்யூட்டருக்கும் அதேதான். ஒரு வாக்கியத்தைப் பேசிய ஒலியையும், அதே வாக்கியத்தின் எழுத்தையும் ஜோடியாகக் காட்ட வேண்டும். இந்த ஒலிக்கு இந்த எழுத்து, அந்த ஒலிக்கு அந்த எழுத்து. ஆண் குரல், பெண் குரல், கிழவர் குரல், குழந்தைக் குரல், வேகமாகப் பேசுபவர், மெதுவாகப் பேசுபவர் என்று லட்சக்கணக்கில் காட்ட வேண்டும். தவறினால் திருத்த வேண்டும். அப்புறம் புதுக் குரல் வந்தாலும் அது ஊகித்து எழுதிவிடும்.

மாவோரியில் ஒரு சங்கடம் உண்டு. நம் மொழியைப்போல அதிலும் குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். நமக்குக் கல் வேறு, கால் வேறு அல்லவா? அவர்களுக்குக் "கெகெ" என்று குறிலாகச் சொன்னால் கேக்குப் பலகாரம். "கேகே" என்று நெடிலாகச் சொன்னால் அக்குள்! நெடிலுக்கு எழுத்தின் தலைமேல் ஒரு கோடு போடுவார்கள். ஆங்கிலேயருக்காகச் செய்த டைப் யந்திரத்திலும் ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களிலும் அந்தக் கோடு கிடையாது. யாருக்காக யந்திரம் செய்யப்படுகிறதோ, அவர்கள் மொழிதான் அதில் ஏறும். மற்றவர்கள் தங்கள் மொழியை யந்திரத்துக்குத் தக்கபடி வெட்டிக்கொள்ள வேண்டும்! கோடு போடும் வசதிக்காகக்கூட அவர்கள் பல வருஷம் பாடுபட வேண்டியிருந்தது.

பத்து நாள்

2018-இல் அந்த ரேடியோ நிலையம் ஜனங்களுக்கு அறைகூவல் விடுத்தது. நிலையத்தின் தலைவர் பீட்டர்-லூக்காஸ் ஜோன்ஸ். யந்திர வேலைக்குப் பொறுப்பாளர் ஹவாய்த் தீவின் பூர்வகுடியில் வந்த கியோனி மஹெலோனா. அவருடைய ஜனங்களின் மொழியும் இப்படியே சாகடிக்கப்பட்டு எழுந்த மொழிதான். "எழுதிய வாக்கியங்களைத் தருகிறோம். உங்கள் குரலில் படித்துப் பதிவுசெய்து கொடுங்கள்" என்று கேட்டார்கள். குழுக்களுக்குள் போட்டி வைத்தார்கள்.

என்ன நடந்தது தெரியுமா? பத்தே நாளில் சுமார் 2,500 பேர் முன்வந்தார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கியங்களைப் படித்துக் கொடுத்தார்கள். 300 மணி நேரத்துக்கும் அதிகமான ஒலிப்பதிவு சேர்ந்தது! பெரிய கம்பெனிகள் பணத்தைக் கொட்டிச் சேர்ப்பதை, ஒரு சிற்றூர் ரேடியோ நிலையம் நம்பிக்கையின் பலத்தில் சேர்த்துவிட்டது. முப்பது வருஷமாகத் தங்கள் பாட்டனின் குரலைக் காப்பாற்றிய நிலையம் கேட்டபோது, ஜனங்கள் தங்கள் குரலையும் நம்பிக் கொடுத்தார்கள்.

யந்திரத்தின் அடிப்படை நிரலை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விடப்பட்டிருந்த ஒன்றை எடுத்து, தங்கள் குரல்களை அதற்கு ஊட்டினார்கள். இன்று அந்த யந்திரம் மாவோரிப் பேச்சைக் கேட்டு நூற்றுக்கு 92 பங்கு சரியாக எழுதுகிறது. ஆங்கிலமும் மாவோரியும் கலந்து பேசினால் 82 பங்கு. பெரியவர்களின் பேச்சு எழுத்தாகிறது, தேடினால் கிடைக்கிறது. சரியாக உச்சரிக்கிறோமா என்று செல்போனில் பேசிப் பழகவும் ஒரு கருவி செய்திருக்கிறார்கள். ஊர்ப் பாட்டி இல்லாத பட்டணத்துப் பெண், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், வெட்கமில்லாமல் தவறிப் பேசி, திருத்திக்கொள்ள முடிகிறது. வெட்கம் என்பது சின்ன விஷயமல்ல. தன் மொழியையே தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சத்தால் வாயை மூடிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

விலை பேச வந்தவர்கள்

சரி, இங்கேதான் நாம் ஆரம்பத்தில் சொன்ன கேள்வி எழுகிறது.

300 மணி நேரக் குரல் சேர்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வியாபாரிகள் வந்தார்கள். ஓர் அமெரிக்கக் கம்பெனி மணிக்கு 45 டாலர் என்று மாவோரிக் குரலுக்கு விலை வைத்தது. சிறிய ரேடியோ நிலையம். எப்போதும் பணத் தட்டுப்பாடு. கை நீட்டி வாங்கியிருக்கலாம். அவர்கள் மறுத்துவிட்டார்கள்!

ஏன் மறுத்தார்கள்? அவர்களுடைய வாதத்தின் சாரத்தைச் சொல்கிறோம். எங்கள் பாட்டன் பாட்டியை அடித்து அவர்கள் வாயிலிருந்து இந்த மொழியைப் பிடுங்கினார்கள். அடிக்குத் தப்பிய மிச்சத்தை நாங்கள் பொறுக்கிச் சேர்த்தோம். இப்போது அந்த மிச்சத்தையும் மலிவாக வாங்கிப் போய், யந்திரம் செய்து, எங்கள் குழந்தைகளுக்கே சந்தா போட்டு விற்கப் பார்க்கிறார்கள். நிலம் போன கதை போதும். குரலும் அப்படிப் போக விடமாட்டோம்.

தோழர்களே! பருத்தி விளைவித்தவன் கோவணத்தோடு நிற்க, அதே பருத்தி சீமைக்குப் போய்த் துணியாகி வந்து அவனுக்கே விலைக்கு விற்கப்பட்ட காலத்தை நம் பாட்டன்மார் கண்டார்கள். இங்கே பருத்திக்குப் பதில் குரல். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்கள் வெறுமனே "தரமாட்டோம்" என்று கதவைச் சாத்தவும் இல்லை. "காவல் உரிமை" என்ற முறையில் ஒரு நிபந்தனைச் சாசனம் எழுதினார்கள். இந்தக் குரல்களுக்கு நாங்கள் முதலாளிகள் அல்ல, காவலர்கள். மாவோரி ஜனங்களுக்கு நன்மை தரும் வேலைக்கு இவற்றைப் பயன்படுத்தலாம். வேவு பார்ப்பதற்கோ, எங்கள் ஜனங்களை இழிவுபடுத்துவதற்கோ, ஒதுக்கி வைப்பதற்கோ பயன்படுத்தக் கூடாது என்பது அதன் கருத்து. ஊர்ப் பொதுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். குளம் எவனுக்கும் தனிச் சொத்தல்ல. ஆனால் எவன் வேண்டுமானாலும் மதகை உடைத்துத் தண்ணீரைக் கொண்டுபோகவும் முடியாது. காவல் உண்டு, முறை உண்டு.

ஆனாலும் எல்லாவற்றையும் காவல் காக்க முடிவதில்லை. 2022-இல் வேறொரு அமெரிக்கக் கம்பெனி, இணையத்தில் கிடந்த 6,80,000 மணி நேர ஒலியை வாரி, பல மொழிகளைக் கேட்டு எழுதும் யந்திரம் ஒன்றை வெளியிட்டது. அதிலே ஆயிரம் மணி நேரத்துக்கும் மேற்பட்ட மாவோரியும் இருந்தது. யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று அந்த ரேடியோ நிலையத்தார் பகிரங்கமாகக் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

"பெரிய கம்பெனியிடம் கொடுத்தால் இன்னும் நல்ல யந்திரம் கிடைக்குமே, மொழி பிழைப்பதுதானே முக்கியம், யார் செய்தால் என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். இது அலட்சியம் செய்யக்கூடிய கேள்வியல்ல. ஆனால் யோசித்துப் பாருங்கள். லாபத்துக்காக ஒரு மொழியை எடுத்துக்கொள்பவன், லாபம் குறைந்தால் கைவிட்டுவிடுவான். யந்திரம் தப்பான மாவோரியைப் பேசினால் திருத்துவது யார்? மொழி தெரியாத ஆட்கள் திருத்த முடியாது. தப்பே பரவும். கற்றுக்கொள்ள வரும் குழந்தை அந்தத் தப்பையே தன் தாய்மொழி என்று கற்கும். தன் ஜனங்களுக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியவன் கையில் யந்திரம் இருந்தால்தான் தப்பு திருத்தப்படும்.

யந்திரத்தால் முடியாதது

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். யந்திரம் மொழியை உயிர்ப்பிக்கவில்லை. உயிர்ப்பித்தது மொழிக்கூட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்ட பாட்டி. மனுவைத் தூக்கிக்கொண்டு பாராளுமன்றத்துக்குப் போன இளைஞர். பத்து நாள் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்த 2,500 பேர். இவர்கள் இல்லாமல் யந்திரம் மட்டும் இருந்திருந்தால், அது இன்னொரு வெண்கல மணிதான். குரல் பத்திரமாக இருக்கும், கேட்க ஆளிருக்காது.

2023 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் சுமார் 2,13,000 பேர் மாவோரியில் பேச முடியும் என்று சொன்னார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட அதிகம். ஆனால் நாட்டின் ஜனத்தொகையில் அது நூற்றுக்கு நாலு பேருக்குச் சற்று மேல்தான். அந்த வருஷக் கடைசியில் வந்த சர்க்கார், இலாகாக்களின் பெயரில் ஆங்கிலமே முன்னால் இருக்க வேண்டும் என்றது. 2024 நவம்பரில் பல்லாயிரம் பேர் மறுபடியும் தலைநகருக்கு ஊர்வலம் போனார்கள். கிடைத்தது நிலைத்திருக்கும் என்று படுத்துத் தூங்க முடியாது.

நமக்கு என்ன?

நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். வெகு தூரம் போக வேண்டாம். நீலகிரி மலைக்குப் போங்கள். அங்கே தோடர்களும் கோத்தர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மொழிகள் நம் தமிழோடு ஒரே குடும்பத்தில் பிறந்தவை. ஒவ்வொன்றையும் பேசுபவர்கள் ஓரிரு ஆயிரம் பேர்தான். அழியும் அபாயம் மிகுந்த மொழிகள் என்று ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமே கணக்கில் எழுதியிருக்கிறது. பெரிய மொழி பேசுகிறோம் என்ற மிதப்பில், பக்கத்து வீட்டுத் தங்கை மொழியை நாம் கவனிக்காமல் விட்டால், கோலென்சோ காலத்துத் துரைமாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? மலைக் குழந்தை பள்ளிக்கூடத்தில் தன் மொழியில் பேசினால் சிரிக்கிறவன் நம்மில் ஒருவனாக இருக்கக் கூடாது.

மலை மக்களின் குரலைப் பதிவுசெய்ய நாளைக்கு ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வரலாம். நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அந்த வடகோடி ரேடியோ நிலையத்தார் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். பதிவு யாரிடம் இருக்கும்? பேசினவர் வேண்டும்போது அவருக்கும் அவர் குழந்தைகளுக்கும் கிடைக்குமா? அதைக் கொண்டு செய்த கருவி அந்த ஊருக்குத் திரும்பி வருமா? அதை விற்கவோ தடுக்கவோ யாருக்கு அதிகாரம்? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. கூலிக் கணக்கையும் நெல் அளவையையும் சரிபார்க்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும்.

யந்திரத்தைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை. யந்திரத்தைக் கும்பிட வேண்டியதும் இல்லை. ஓட்டுகிறவன் கையில், ஓடும் காரியத்தில் இருக்கிறது அதன் நன்மையும் தீமையும். வியன்னாவுக்குப் போன அந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அச்சு யந்திரத்தின் படத்தைக் கேட்டு வாங்கி வரவில்லை. யந்திரத்தையே கொண்டுவந்தார்கள், ஓட்டவும் கற்றுக்கொண்டு வந்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் வாரிசுகள் கம்ப்யூட்டரிலும் அதையே செய்தார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. இன்று இரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். நடவுப் பாட்டோ, விதை பேரோ, ஊர்ப் பேரின் காரணமோ கேளுங்கள். கையில் செல்போன் இருந்தால் அவர் சம்மதத்தோடு பதிவுசெய்து வையுங்கள். ஆனால் பதிவோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் உங்கள் குழந்தையையும் உட்கார வையுங்கள். மணியில் எழுத்து இருந்தால் போதாது, தோழர்களே! அதைப் படிக்கும் வாயும் வீட்டில் வளர வேண்டும்.